உள்ளே விட்ட துணி

ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு,

இங்கே நானும் உன் அத்தானும் கடையும் சௌக்கியம். நீ, உன் மனைவி, முக்கியமாக அப்பா எப்படி இருக்கிறீர்கள் என்று விவரமாக எழுது. "நலம்" என்று ஒரே வார்த்தையில் முடித்தால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

போனில் பேசினால் இரண்டு பேரும் கத்துகிறோம். நீ பாதியில் வைத்துவிடுகிறாய், நான் மறுபடி கூப்பிட்டு அதற்கும் கத்துகிறேன். "எழுதித் தொலைங்க. எழுதும்போது பாதிக் கோபம் பேனாவிலேயே நின்னுடும்" என்று அப்பா கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போனார். அதனால் எழுதுகிறேன். என் பேனாவில் ஒன்றும் நிற்பதாகத் தெரியவில்லை.

அன்றைக்கு அப்படி என்ன நடந்துவிட்டது? பேக்கரியில் கூட்டம். அப்பா மாடியில் தையல் மிஷினை விட்டு இறங்கி வந்தார், கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில் தலை சுற்றி உட்கார்ந்தார், ஒரு மடக்குத் தண்ணீர் குடித்ததும் எழுந்துவிட்டார். அதற்கு நீ அடுத்த நாளே ரயிலேறி வந்து, வாங்க வந்தவர்கள் முன்னால் "இந்த வெண்ணெயும் சர்க்கரையும்தான் அவரைக் கொல்லுது" என்று கத்த வேண்டுமா? கேக்கைக் கையில் எடுத்தவர்கள்கூட வைத்துவிட்டுப் போனார்கள்.

"ஆறு மாசத்துல ஆளையே மாத்தி அனுப்புறேன்" என்றாய். ஆளை மாற்ற வேண்டாம். இதே ஆளை அனுப்பு.

உன்னைவிட அவர்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். ஒரு கோட்டுத் தைத்து முடித்தால் ஒரு கிரீம் பன் என்று ஆயுசு முழுக்க வாழ்ந்த மனிதர், நீ கூப்பிட்டதும் மறுபேச்சுப் பேசாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கிளம்பும்போது நான் வைத்த பன்னைக்கூட, "வழியில சாப்பிடுறேன்" என்று காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார். சாப்பிட்டாரா?

உடம்பைப் பார்த்துக்கொள். நாக்கையும் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எங்கள் மூன்று பேருக்கும் பிரஷர் சரியாக இருக்கிறது. உனக்கும் அத்தானுக்கும் எவ்வளவு என்று எழுதவும். நீங்கள் பார்த்துக்கொள்வதே இல்லை என்று தெரியும், இருந்தாலும் கேட்கிறேன்.

பன் என் வீட்டுக் குப்பைத் தொட்டிக்குப் போனது. நான் போடவில்லை, அப்பாவே போட்டார். "இனிமே எதுக்குடா இதெல்லாம்" என்றார். அவரை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

காலையில் இருவரும் பூங்காவைச் சுற்றி நடக்கிறோம். பிறகு வேகவைத்த காய்கறி, உப்பு பேருக்கு. டீயில் சர்க்கரை கிடையாது. நீ என்னைக் கிறுக்கன் என்கிறாய். என் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் போன வருடம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே மேஜையில் சாய்ந்தார், எழுந்திருக்கவில்லை. என் வயசு. அந்த நாற்காலியில் இன்னும் யாரும் உட்காருவதில்லை, ஃபைல்களை அடுக்கி வைத்திருக்கிறோம். தினமும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் நான். நமக்கு இருப்பது ஒரே அப்பா. நீ பாசத்தை வெண்ணெயில் குழைத்துப் போடுகிறாய், நான் வெண்ணெய் இல்லாமல் போடுகிறேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

கீழே அப்பா எழுத இடம் விட்டிருக்கிறேன். உடம்பு பத்திரம்.

தம்பி

பன்னு, நான் சௌக்கியம். இங்கே கேரட் என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறது. நீங்கள் சண்டையை நிறுத்த வேண்டாம், வாசிக்க நன்றாக இருக்கிறது. அப்பா.


பிப்ரவரி 10

கேரட்டின் பாதுகாப்பில் இருக்கும் அப்பாவுக்கும், கேரட்டை நியமித்த தம்பிக்கும்,

இங்கே எல்லோரும் திடமாக இருக்கிறோம். பிரஷர் பார்க்கவில்லை. உன் கடிதத்தை வாசித்த கையோடு பார்த்தால் மிஷின் உடைந்துவிடும். அங்கே எல்லோருக்கும் உடம்பு எப்படி?

உன் பக்கத்து இருக்கைக்காரரை நினைத்து எனக்கும் வருத்தம்தான். பாவம், டப்பாவைத் திறந்தவர் ஒரு வாய் சாப்பிடவில்லையே என்று எனக்கு வயிறு எரிகிறது. நீ என்னவென்றால் டப்பாவையே திறக்கக் கூடாது என்று அதிலிருந்து கற்றுக்கொண்டிருக்கிறாய்.

"இனிமே எதுக்குடா" என்றாராம், உனக்குக் கட்டிக்கொள்ளத் தோன்றியதாம்! குழந்தையில் நான் மாவு உருண்டை மாதிரி இருந்தேன் என்று எனக்குப் பன்னு என்று பெயர் வைத்தவர் அவர். அவரே ஒரு பன்னைக் குப்பையில் போடுகிறார் என்றால், நீ அவரை எப்படி மிரட்டி வைத்திருக்கிறாய்?

வெண்ணெய் பிஸ்கட் ஒரு பெட்டி தனியாக அனுப்பியிருக்கிறேன். அப்பா கையில் கொடு. நடுவில் நீ பூந்து அதில் என்னென்ன இருக்கிறது என்று பிரசங்கம் செய்யாதே. அவருக்குத் தெரியும், நான் முதல் முதலாகச் செய்து கருக்கின பிஸ்கட்டை முழுசாகத் தின்றவர் அவர்தான்.

சாப்பிட்டுவிட்டு என்ன சொன்னார் என்று எழுது. எல்லோரும் நன்றாக இருங்கள்.

அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

மூவரும் நலம். உன் மூட்டு வலி எப்படி இருக்கிறது? எடையைக் குறைத்தால் அது தானே போகும் என்று சொன்னால் கோபப்படுவாய், சொல்லவில்லை.

பெட்டியை அப்பா கையில்தான் கொடுத்தேன். திறந்து முகர்ந்து பார்த்தார். "அடுப்பு கொஞ்சம் சூடு ஜாஸ்தி போல" என்றார். மூடி, எங்கள் கட்டிடத்துக் காவலாளியிடம் அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் நாக்கு அடங்கிவிட்டது அக்கா.

எடை இறங்கிக்கொண்டே வருகிறது. சர்க்கரை இத்தனை வருடத்தில் இவ்வளவு குறைந்ததில்லை. பேண்ட் எதுவும் இடுப்பில் நிற்கவில்லை. என் மனைவியின் தையல் மிஷினில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவரே பிடித்துக்கொள்கிறார். ஒரு தடவை பிடித்து, அதுவும் லூஸாகி, இப்போது மறுபடி பிடித்தாயிற்று. அலுவலகத்தில் சொன்னேன், எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு ஜெயித்த மாதிரி இருக்கிறது. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

பூங்காவில் எடுத்த போட்டோ ஒன்று வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டுப் பேசு.

அத்தானை விசாரித்ததாகச் சொல்லவும்.

தம்பி


மார்ச் 16

தம்பிக்கு,

என் மூட்டை விடு, அது என்னோடு ஒத்துப்போகிறது. அங்கே எல்லோரும் நலமா என்று கேட்கத்தான் வேண்டும், கேட்டுவிட்டேன்.

போட்டோ வந்தது. நீயும் அப்பாவும் கொடியில் காயப்போட்ட இரண்டு சட்டை மாதிரி நிற்கிறீர்கள். அவர் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் என் கை தாராளமாகப் போகும். ஒரு தையல்காரர் காலர் அப்படி நிற்குமா? இதற்கு உன் அலுவலகத்தில் கைதட்டினார்களா? நல்ல அலுவலகம், நல்ல கை.

நாக்கு அடங்கியதாம். நாக்கு அடங்கினால் மனிதர் அடங்கிவிட்டார் என்று அர்த்தம் தம்பி. மேலே ஒரு கோட்டு முடிந்தால் மிஷின் சத்தம் நின்று, படியில் செருப்புச் சத்தம் கேட்கும். "பன்னு, தட்டு வெளிய வந்துடுச்சா?" என்று குரல் முதலில் வரும், அப்புறம்தான் ஆள் வருவார். அந்தக் குரலை நீ பட்டினி போட்டுக் கொன்றிருக்கிறாய். அவருக்கு ஆயுசைக் கூட்டுகிறாய், சரி. கூட்டின வருடங்களில் அவர் என்ன செய்வார்? காய் எப்போது வேகும் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரா?

கடைசியாகச் சொல்கிறேன். அவர் என்ன கேட்டாலும் கொடு. இல்லையென்றால் இங்கே கொண்டுவந்து விடு. எனக்கு அலுத்துவிட்டது.

உடம்பைக் கவனித்துக்கொள்ளச் சொல்லி உனக்கு வேறு எழுத வேண்டுமா?

அக்கா


ஏப்ரல் 22

அக்காவுக்கு,

நலம், நலமென்று நம்புகிறேன்.

பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. வேலை அதிகம் என்று எழுதலாம். கோபம் என்பதுதான் நிஜம். பட்டினி போட்டுக் கொன்றேன் என்று எழுதியிருக்கிறாய். அதை அப்பாவும் வாசித்தார். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் தகவலுக்கு: நான் நினைத்த எடைக்கும் கீழே இறங்கியாயிற்று. போதும் என்று நானே நிறுத்தச் சொல்லிவிட்டேன். இப்போதெல்லாம் "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமாப்பா" என்று நான்தான் கேட்கிறேன். "நிறைஞ்சிடுச்சுடா" என்று தட்டைத் தள்ளிவிடுகிறார். என்னைவிடக் கட்டுப்பாடு. நடைதான் கொஞ்சம் குறைந்திருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு என்னைச் சுற்றிவரச் சொல்கிறார்.

ஜூன் கடைசியில் நானே கொண்டுவந்து விடுகிறேன். அவரை எதிரில் வைத்துக்கொண்டு நீ பட்டினி என்று சொல், பார்க்கலாம்.

அப்பா உனக்கு ஒரு பொட்டலம் அனுப்புகிறார். என்னவென்று எனக்குக் காட்டவில்லை. மிஷினில் உட்கார்ந்த சாக்கில் என் பேண்டுகளையும் பிடித்துக் கொடுத்தார். எனக்கும் இடுப்பு குறைந்திருக்கிறது, அதையும் எழுதிவைக்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 30

தம்பி,

இதை அப்பாவிடம் காட்டாதே. உடம்பு எப்படி என்று மேலே தனியாகக் கேட்கவில்லை. கடிதமே அதற்குத்தான்.

பொட்டலத்தில் சூடான தட்டுப் பிடிக்கிற கையுறை ஒரு ஜோடி இருந்தது. உள்ளே பழைய துண்டு வைத்து, நல்ல கனமாக. உன் அத்தான் மாட்டிக்கொண்டு கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கையை ஆட்டிக் காட்டினார். நான் மேல்துணியைப் பார்த்தேன். நீள நீளத் துண்டுகளை ஒட்டுப்போட்டது. காப்பி நிறம், சாம்பல் நிறம், கருநீலத்தில் கோடு. எல்லாம் அப்பாவுடைய பேண்ட்.

உனக்குத் தையலில் கவனம் இருந்ததில்லை, அதனால் சொல்கிறேன். பேண்டைப் பிடிக்கும்போது அப்பா பின்தையலைப் பிரித்து, மிஞ்சுகிற துணியை உள்ளே விட்டுத்தான் தைப்பார். வெட்டமாட்டார். பள்ளிக்கூடத்தில் எனக்கு நீண்ட காய்ச்சல் வந்து துரும்பாக இளைத்தபோது என் சீருடையை அப்படித்தான் பிடித்தார். உள்ளே துணி உறுத்துகிறது, வெட்டுங்கள் என்று அழுதேன். "உடம்பு திரும்பி வரும்மா. அப்ப துணிக்கு எங்க போறது?" என்றார். திரும்பி வந்தது, பிரித்துவிட்டார். வாடிக்கையாளர் யாராவது வெட்டச் சொல்லிச் சண்டை போட்டால் பேண்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார், கத்தரியை எடுக்கமாட்டார். அப்படிப்பட்டவர் தன்னுடைய பேண்டில் வெட்டியிருக்கிறார், தம்பி.

ஜூனில் என் வீட்டுக்கு வந்து தின்று உடம்பு போடப்போகிறவர் வெட்டமாட்டார். தனக்கு உடம்பு திரும்பி வராது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இது வெண்ணெய்ச் சண்டை இல்லை. நல்ல டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. நாளைக்கே போ.

அக்கா


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் நலத்துக்கும் அத்தான் நலத்துக்கும் குறைவிருக்காது. கையுறையை வைத்து ஜோசியம் சொல்கிற முதல் பேக்கரிக்காரி நீதான்.

சர்க்கரை சரி. பிரஷர் சரி. எடை சரி. எல்லாம் சரியாகிவிட்டது என்பதுதான் உன் பிரச்சினை. தோற்றதை ஒத்துக்கொள்ள உனக்கு மனசு வரவில்லை. துணி நிறைய மிஞ்சியது, உனக்குக் கையுறை தைக்கலாமே என்று நினைத்திருப்பார். அதில் இவ்வளவு படிக்க என்ன இருக்கிறது? நான் செய்கிற எதையாவது ஒரு நாளாவது நீ நன்றாக இருக்கிறது என்று...

மறுநாள் எழுதுகிறேன். அப்பா குளிக்கப் போன நேரத்தில் அவர் அலமாரியைத் திறந்து, பேண்டுகளை உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் தையலை ஒட்டி நறுக்கியிருக்கிறது. கிள்ளிப் பிடிக்கக்கூடத் துணி இல்லை.

குளித்துவிட்டு வந்தவர் நான் பேண்டும் கையுமாக நிற்பதைப் பார்த்தார். "அயர்ன் பண்ணப் போறியாடா?" என்றார். "ஆமாப்பா" என்றேன்.

நாளைக்கு டாக்டரிடம் போகிறோம்.

தம்பி


மே 19

தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ நன்றாக இருக்கிறாயா? அவர் நன்றாக இருக்கிறாரா?

போன் அடிக்கிறது, நீ எடுப்பதில்லை. உன் மனைவி எடுத்து, "அவரே எழுதுவார் அண்ணி" என்கிறாள். தபால்காரரைக் கண்டால் நான் மாவுக் கையோடு வாசலுக்கு ஓடுகிறேன். மின் கட்டண ரசீதைக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

டாக்டர் என்ன சொன்னார்? உன் காய்கறியால்தான் என்று நான் சொல்லவே மாட்டேன். எதையாவது எழுது.

அக்கா


ஜூன் 1

அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சௌக்கியம்தானே? இதை அத்தானிடம் கடையில் கூட்டம் இல்லாதபோது சொல்.

நீ கத்துவாய் என்று பயந்து போனை எடுக்காமல் இருக்கவில்லை. கத்தாமல் இருந்துவிடுவாயோ என்றுதான் பயமாக இருந்தது.

பரிசோதனை எல்லாம் முடிந்தது. டாக்டர் நல்ல மாதிரி. அப்பாவை வெளியே உட்காரவைத்துவிட்டு, படங்களை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். நான் கேள்விகளோடு போயிருந்தேன். என்ன காய் சேர்க்கலாம், எதைத் தவிர்க்க வேண்டும், எவ்வளவு நடக்கலாம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இனிமே அதெல்லாம் பார்க்காதீங்க. அவர் என்ன கேட்டாலும் கொடுங்க" என்றார்.

மார்ச்சில் நீ எழுதிய அதே வாக்கியம் அக்கா. வார்த்தைகூட மாறவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கடையில் கேக் வாங்கினேன். பெரிய துண்டு. அப்பா என்னையும் கேக்கையும் பார்த்தார். "டாக்டர் அப்படிச் சொல்லிட்டாரா?" என்றார். அதற்குமேல் அவரிடம் நான் மறைக்க ஒன்றுமில்லை. பெஞ்சில் உட்கார்ந்து பேசினார்.

"பன்னு வீட்ல இருக்கும்போதே பசி போயிடுச்சுடா. அவ ஒரு பன்ன வெச்சுட்டு, நான் முழுங்குற வரைக்கும் என் வாயையே பாப்பா. ரெண்டு நாள் மிச்சம் வெச்சா கண்டுபிடிச்சிருவா. அதான் நீ கூப்பிட்டதும் வந்தேன். உன் வீட்லதான் மிச்சம் வெச்சா சந்தோஷப்படுறீங்க."

"ஏன்ப்பா சொல்லல?"

"சொன்னா ரெண்டு பேரும் சண்டையை விட்டுட்டு ஒத்துமையாயிடுவீங்க. அப்புறம் வீடு வீடா இருக்காது. இருக்கிற வரைக்கும் நீங்க பன்னுக்கும் கேரட்டுக்கும் அடிச்சுக்கட்டும்னு இருந்தேன்."

அவர் இளைப்பதைத்தான் நான் பார்த்தேன், அவரைப் பார்க்கவில்லை. எனக்குக் கைதட்டினார்களே அக்கா.

தம்பி


ஜூன் 4

தம்பிக்கு,

உடம்பு கேட்டு எழுத எனக்கு இன்றைக்கு மனசு வரவில்லை.

அந்த வாக்கியத்தைத்தான் நான் கேட்டேன். இப்படிக் கேட்கவில்லை. வந்த கோபத்தில் ஒரு தட்டு ரொட்டியைத் தீயவிட்டேன். கோபம் யார்மேல் என்றுதான் தெரியவில்லை. உன்னைத் திட்டலாம் என்று உட்கார்ந்தால் வரமாட்டேன் என்கிறது. நீ அவரைக் கொல்லவில்லை. நான் அவரைக் காப்பாற்றவில்லை. இத்தனை மாதம் நாம் எழுதியதெல்லாம் அவருக்கு ஒளிந்துகொள்ளத் திரையாக இருந்திருக்கிறது. திருட்டு மனுஷர். என் கண்ணுக்குத் தப்பவேண்டும் என்று ரயிலேறிப் போயிருக்கிறார் பார். அதை மட்டும் நான் அவரிடம் கேட்காமல் விடமாட்டேன்.

அடுத்த வாரம் கடையை மூடிவிட்டு நானும் அத்தானும் வருகிறோம். நீ அழுது தொலைக்காதே, நான் வந்தபிறகு சேர்ந்து அழலாம். அவருக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டு உடனே எழுது. நீயாக முடிவு செய்யாதே. அவரைக் கேள்.

சாப்பிடு. நீயும் சாப்பிடு.

அக்கா


ஜூன் 8

பன்னுவுக்கு,

உன் உடம்பும் மாப்பிள்ளை உடம்பும் நன்றாக இருக்க வேண்டும். என் உடம்பைப் பற்றி இனி யாரும் விசாரிக்க வேண்டாம், அந்த மட்டில் நிம்மதி.

என்ன வேண்டும் என்று உன் தம்பி கேட்டான். அவன் எழுதினால் சரியாக இருக்காது என்று பேனாவை நான் வாங்கிக்கொண்டேன். கிரீம் பன் கொண்டுவா. ஒரு தட்டு நிறையக் கொண்டுவா. எனக்கு நாக்கில் ஒரு துளி கிரீம் போதும், அதையும் நீ பார்க்காதபோதுதான் சாப்பிடுவேன். நீ திட்ட வேண்டியதை எல்லாம் திட்டு, ஆனால் முதல் நாள் வேண்டாம்.

மீதி எல்லாம் இவனுக்கு. பக்கத்து நாற்காலிக்காரர் போனதிலிருந்து இவன் பயத்தைத்தான் தின்றுகொண்டிருக்கிறான். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் அந்தக் கேக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். தின்னவும் தெரியவில்லை, கீழே போடவும் தெரியவில்லை. பசியிருக்கிறவன் சாப்பிடாமல் இருப்பதைப் பார்க்க எனக்குக் கோபம் வருகிறது. அவன் தட்டைப் பார். முழுங்குகிற வரைக்கும் வாயைப் பார்.

அவன் பேண்டுகளையும் இடுப்பில் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். என்னுடையதைத் திருப்பிப் பார்த்தவன் தன்னுடையதை இன்னும் திருப்பிப் பார்க்கவில்லை. அதில் நான் கத்தரி வைக்கவில்லை. உள்ளே துணியை அப்படியே விட்டிருக்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிடு, உனக்குத் தெரியும்.

அப்பா